மூணாங்கிளாஸ் பெட்டியை மூணாங்கிளாஸாவே விடுங்க

தென்னாப்பிரிக்காவுல பழைய ரயில் பெட்டி ஒன்ன காப்பாத்திட்டாங்கன்னு சொன்னா பெரும்பாலும் அது முதல் வகுப்புப் பெட்டியா இருக்கும், இல்லன்னா டைனிங் கார், அதுவும் இல்லன்னா யாரோ பெரிய அதிகாரி போன சலூன் பெட்டி. ஸ்பிரிங்பாக் மான் தலை பொறிச்ச கண்ணாடி, பச்சை சீட்டு, மேசைப் பலகையைத் தூக்குனா அடியில வாஷ்பேசின், எல்லாமே அழகுதான், ஆசையா பாப்பேன். ரோஹன் வோஸ் 1989ல ரோவோஸ் ரயில்ங்கிற சொகுசு ரயில் கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து எத்தனையோ பழைய பெட்டிங்களுக்கு உயிர் குடுத்திருக்காரு, பிரிட்டோரியா கேபிடல் பார்க்ல போய்ப் பாத்தா அந்த மரவேலைக்கு கை எடுத்துக் கும்பிடத் தோணும். ஆனா இங்க கூலியா வந்த நம்ம இந்திய ஆளுங்க போனது அதுல இல்ல. மூணாங்கிளாஸ்ல, பலகை பெஞ்சுல, மடியில புள்ளையும் கால்கிட்ட மூட்டையும் வச்சுக்கிட்டுப் போனாங்க, அந்தப் பெட்டிங்களை யாரும் பெருசா எடுத்து வைக்கல, பாதி விறகாப் போச்சு, பாதி இரும்புக்கடைக்குப் போச்சு.

அதனாலதான் டர்பனுக்கு வடக்க டோங்காட் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்துல உரமூட்டை அடுக்கி வச்சிருந்த ஒரு பெட்டி மூணாங்கிளாஸ்னு தெரிஞ்ச உடனே எங்களால சும்மா இருக்க முடியல.

எங்களன்னா, எங்க வீட்டுக்காரர், என் மாமனார், டர்பன் சாட்ஸ்வொர்த்ல எங்க தெருவுல ரெண்டு மூணு பேர், அப்புறம் ரயில் பைத்தியம் பிடிச்ச ஒரு சின்ன கூட்டம், அதுல வெள்ளைக்காரங்களும் உண்டு, ஜூலு பசங்களும் உண்டு, எல்லாரும் சனிக்கிழமை ஆனா மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பழைய சைடிங்ல, அதாவது மெயின் லைன்ல இருந்து பிரிஞ்ச ஒரு பக்கத் தண்டவாளத்துல கூடுவோம். நான் திருச்சி பொன்மலைக்காரி, அப்பா ஒர்க்‌ஷாப்ல வேலை, சாயங்காலம் சங்கு ஊதுனா சைக்கிளா வெளிய வர்ற ஊர். கல்யாணம் ஆகி டர்பன் வந்தப்ப இந்த ஊர்ல எனக்குன்னு தெரிஞ்ச ஒரே வாசனை ரயில் கிரீஸ் வாசனைதான், அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

மாமா ரயில்வேக்காரர் இல்ல, டர்பன்ல ஒரு பர்னிச்சர் பேக்டரியில தச்சு வேலை பார்த்தவர். அவரோட தாத்தாதான் ரயில்வே கூலி, தண்டவாளத்துல கல்லு போட்டு ஸ்லீப்பர் கட்டை மாத்துற வேலை. அந்தத் தலைமுறையோட நின்னு போச்சு, ஏன்னா 1924ல பிரதமர் ஹெர்ட்சாக் அரசாங்கம் வந்ததும் ரயில்வே வேலையில ஏழை வெள்ளைக்காரங்களை வச்சு நிரப்பணும்னு ஒரு கொள்கை போட்டாங்க, நம்மாளுங்க நிறைய பேர் அதுல வெளிய போக வேண்டியதாயிடுச்சு. தச்சுத் தொழில் தெரிஞ்ச கை இந்தக் குடும்பத்துல இருந்தும் ரயில் பெட்டியைத் தொடறதுக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு.

இந்த ஊர் ரயிலும் நம்ம ஜனமும் ஒரே வருஷத்துல வந்தவங்க. 1860 ஜூன் 26ல டர்பன் டவுனுக்கும் துறைமுகத்துப் பாயிண்ட்டுக்கும் நடுவுல முதல் ரயில் ஓடுச்சு, மொத்தம் ரெண்டு மைல்தான். அதே வருஷம் நவம்பர் 16ல மெட்ராஸ்ல இருந்து முதல் ஒப்பந்தக் கூலிங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் வந்து நின்னுச்சு. 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா வந்தவங்க 1,52,184 பேர், அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியா ஏறுன தமிழ் தெலுங்கு ஜனம். எல்லாரும் கரும்புக்குப் போனாங்கன்னு நினைச்சுக்கிறோம், அப்படி இல்ல, டர்பன் இருந்த நேட்டால் காலனியோட அரசாங்க ரயில்வேயும் கூலியாளுங்களை நிறைய எடுத்துச்சு. 1880 டிசம்பர்ல மாரிட்ஸ்பர்க் வரைக்கும் லைன் போச்சு, 1891ல டிரான்ஸ்வால் எல்லையில சார்ல்ஸ்டவுன் வரைக்கும் போச்சு, அந்த மலையேத்தம் பூரா மண்ணு சுமந்ததுல நம்ம பாட்டன்மாரும் இருந்தாங்க.

1893 ஜூன் 7ல மாரிட்ஸ்பர்க்ல காந்தியை இறக்கி விட்ட கதை உங்க எல்லாருக்கும் தெரியும், கையில முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் சாமான் வேன் பக்கம் போன்னு சொன்னாங்க, மாட்டேன்னாரு, தள்ளி விட்டாங்க. அந்த ஸ்டேஷனுக்கு நான் எப்ப போனாலும் எனக்குத் தோணுறது வேற ஒன்னு. அதே ரயில்ல பின்னாடி பெட்டிங்கள்ல யார் யார் இருந்திருப்பாங்க, டண்டீ நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போறவங்க, லேடிஸ்மித்ல சொந்தக்காரங்களைப் பாக்கப் போறவங்க, அவங்க உக்காந்த பலகை எங்க? அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கரும்புத் தோட்டத்துல கிடந்துச்சுன்னு நான் நம்புறேன்.

சரி, பெட்டிக்கு வர்றேன். சக்கரம் கிடையாது, போகி கிடையாது (போகின்னா இங்க பெட்டி இல்ல, சக்கரத்தைக் கோத்து பெட்டியைத் தாங்குற அடிச்சட்டம்), ஸ்லீப்பர் கட்டையை அடுக்கி அது மேல உக்காத்தி வச்சிருந்தாங்க. பெட்டியோட தரைச்சட்டம் இரும்பு, மேல கூடு முழுக்க தேக்கு. தோட்டக்காரர் நல்ல மனுஷன், மூட்டையை வேற இடத்துக்கு மாத்திட்டு எடுத்துக்கோங்கன்னுட்டாரு. கிரேன் வச்சுத் தூக்குறதுக்கு முன்னாடி உள்ள குறுக்கும் நெடுக்குமா மரச்சட்டம் முட்டுக் குடுத்துதான் தூக்கணும், இல்லன்னா கூடு முறுக்கிக்கிட்டு மர மூட்டுக் கழுந்தெல்லாம் துளைய விட்டு வெளிய வந்துரும். தாழ்வான தளம் வச்ச லோபெட் லாரியில ஏத்தி மலை மேல கொண்டு வந்தப்ப மாமா பின்னாடியே கார்ல, அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கல.

முதல்ல பண்ணுனது நூல் பிடிச்சது. பெட்டியோட இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நூல் கட்டிப் பாத்தா நடு வயிறு தொங்கியிருந்துச்சு. இந்தக் காலத்துப் பெட்டிங்களுக்கு அடியில நீளவாக்குல கம்பி ஓடும், நடுவுல திருகி இறுக்குற மாதிரி நட்டு இருக்கும், அதை இறுக்குனா நடுப்பாகம் மேல எழும்பும். ஒரே நாள்ல இறுக்கக் கூடாது. ஜாக்கி குடுத்து கொஞ்சம் தூக்கி, நட்டைக் கொஞ்சம் திருகி, ஒரு வாரம் விட்டு மரம் பழகுனப்புறம் மறுபடி கொஞ்சம். கதவெல்லாம் சட்டத்துல தானா போய் உக்கார ஆரம்பிச்சப்பதான் நிறுத்துனோம்.

அப்புறம் கூரை. மரப்பெட்டி சாகுறது எப்பவும் கூரையில இருந்துதான். பலகை மேல கேன்வாஸ் துணியைப் போட்டு வெள்ளை ஈயப் பெயிண்ட்டைக் குழைச்சுப் பூசி ஒட்டியிருப்பாங்க, அந்தத் துணி ஓரத்துல லேசா கிழிஞ்சா போதும், மழைத்தண்ணி உள்ள இறங்கி நேரா சுவர் தூணுங்களோட தலையில நிக்கும். டர்பன் பக்கம் உப்புக்காத்து வேற. மாமா சொல்லுவாரு, "கண்ணால பாக்காதம்மா, உளிய வச்சுக் குத்திப் பாரு, பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள மாவா இருக்கும்." அப்படியே இருந்துச்சு. வெளிய பாத்தா நல்லா இருந்த தூணுல உளி வெண்ணெய்யில போற மாதிரி போச்சு.

கூரைக்கு அடுத்த எமன் ஜன்னல். கண்ணாடியைக் கீழ இறக்குனா அது சுவருக்குள்ள இருக்குற ஒரு பைக்குள்ள போகும் இல்லையா, மழை பெய்யும்போது கண்ணாடியோட தண்ணியும் அதுக்குள்ள போகும். வெளிய வடியறதுக்கு அடியில ஓட்டை வச்சிருப்பாங்க. அந்த ஓட்டையை தூசியும் காஞ்ச எலையும் அடைச்சிடுச்சுன்னா பைக்குள்ள தண்ணி தேங்கி அடிக்கட்டை பூரா அழுகும். எங்க பெட்டியில உரத்தூள் போய் அடைச்சிருந்துச்சு, ஒவ்வொரு ஜன்னலுக்கு அடியிலயும் ஒரே மாதிரி கறுப்பா அழுகல். ஓட்டையைத் தொறந்து வைக்கிறதுக்கு ஒரு கம்பி போதும், அந்தக் கம்பியை யாராவது வருஷத்துக்கு ரெண்டு தடவை விட்டு ஆட்டியிருந்தா அத்தனை மரமும் பொழச்சிருக்கும்.

அழுகுன தூணை முழுசா தூக்கிப் போடல. நல்ல மரம் எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும் வெட்டி எடுத்துட்டு, சாய்வா அறுத்து, புது மரத்தையும் அதே சாய்வுல அறுத்து ஒட்டுப் போட்டோம். தேக்குக்கு எங்க போறது, புதுசு வாங்க நம்மகிட்ட பணம் இல்ல. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்னு இடிச்சப்ப அதோட தேக்கு உத்தரம் கிடைச்சுது, பர்மாவுல இருந்து வந்த மரம்னு மாமா மோந்து பாத்தே சொன்னாரு. அறுத்தப்ப வந்த எண்ணெய் வாசனையில சைடிங்கே மணத்துச்சு. லோட்ஷெடிங் உச்சத்துல இருந்தப்ப கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, அதனால பாதி வேலை இழைப்புளியும் கொட்டாப்புளியும் வச்சுத்தான் நடந்துச்சு, மாமாவுக்கு அதுல சந்தோஷம், மெஷின் இழைச்ச மரத்தைத் தடவிப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிற ஆள் அவரு.

பெயிண்ட் உரிக்கிறதுதான் எனக்குக் குடுத்த வேலை, இந்த வேலையை யாராவது செய்யப் போறீங்கன்னா தயவு செஞ்சு கேளுங்க, பழைய ரயில் பெயிண்ட்ல ஈயம் இருக்கும். உலர்வா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தூள் பறந்து நெஞ்சுக்குள்ள போகும், வீட்டுக்குத் துணியில ஒட்டிக்கிட்டுப் போய் கொழந்தைங்க மேல படும். தண்ணி தெளிச்சு ஈரமாத்தான் தேய்க்கணும், நல்ல மாஸ்க் போடணும், சும்மா துணி மாஸ்க் இல்ல வடிகட்டி வச்ச ரெஸ்பிரேட்டர், கீழ தார்ப்பாய் விரிச்சு சுரண்டுனதெல்லாம் சேத்து தனியா அப்புறப்படுத்தணும், வேலைத் துணியைத் தனியாத் துவைக்கணும். நான் சாப்பாட்டு டப்பாவைக் கூட அந்தப் பக்கம் கொண்டு போக மாட்டேன்.

ஆனா முழுசா உரிக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒன்னு இருக்கு, அதை நிறைய பேர் செய்யுறதில்ல. கதவுக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தை எடுத்து, வெளி ஓரத்துல கம்மியா, நடுவுல ஆழமா, வட்ட வட்டமாத் தேய்க்கணும். அப்பத்தான் எந்தக் காலத்துல எந்தக் கலர் இருந்துச்சுன்னு வரிசையா தெரியும். எங்க பெட்டியில மேல தோட்டக்காரங்க அடிச்ச பச்சை, அதுக்கடியில 1960ல இருந்து தென்னாப்பிரிக்க ரயில்வே அடிக்க ஆரம்பிச்ச சிவப்பும் சாம்பலும், அதுக்கும் அடியில பழைய பிரவுன். பிரவுனுக்கு வந்தப்ப, கதவுக்கிட்ட லேசா ஒரு வளைவு தெரிஞ்சுது, ஈரத்துணியால மெதுவாத் துடைக்கத் துடைக்க அது 3னு எழுந்து வந்துச்சு. எல்லாரும் கையில இருந்த வேலையைப் போட்டுட்டு வந்து நின்னாங்க. அந்த இடத்தை அப்படியே விட்டு மேல தெளிவான வார்னிஷ் மட்டும் குடுத்திருக்கோம், அதுமேல யாரும் பெயிண்ட் அடிக்க நான் விடப் போறதில்ல.

உள்ளயும் இதே மாதிரி. கதவு மேல ரெண்டு மொழியில, இங்கிலீஷ்லயும் ஆப்ரிகான்ஸ்லயும், வெள்ளைக்காரங்க அல்லாதவங்களுக்குன்னு எழுதின பலகை இருந்ததுக்கு ஆணி ஓட்டையும் வெளுத்த தடமும் இருக்கு. பலகை இல்ல. திரும்ப அதே மாதிரி ஒன்னு செஞ்சு மாட்டணுமா வேணாமான்னு கூட்டத்துல பெரிய பேச்சு. இளவட்டம் ஒருத்தன், ஜூலு பையன், எங்க பாட்டி இந்தப் பெட்டியில வந்து உக்காந்தா அதைப் பாத்து மறுபடி நோகணுமான்னு கேட்டான். அது நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன்னா புதுசா பலகை செய்ய வேணாம், ஆனா அந்தத் தடத்தை மூடவும் வேணாம், ஆணி ஓட்டையைப் பட்டி பாத்து அடைக்க வேணாம், பக்கத்துல அது என்னன்னு நாலு வரி எழுதி வைப்போம், தமிழ்லயும் ஜூலுலயும் இங்கிலீஷ்லயும். அவனும் சரின்னான். அப்படித்தான் முடிவாச்சு.

பெஞ்சு விஷயம்தான் இன்னும் முடியாத சண்டை. பெட்டியை ஓட்டுறதுக்கு காசு வேணும், வாடகைக்கு விட்டாத்தான் காசு வரும், பலகை பெஞ்சுல யார் காசு குடுத்து உக்காருவாங்க, மெத்தை போட்டுருவோம், வேணும்னா ஒரு சின்ன பார் வைப்போம்னு ஒரு கட்சி. அவங்க கவலை பொய் இல்ல, கூரை கேன்வாஸ் ஒன்னுக்கே எங்க பணம் பூரா போயிருச்சு, நாங்க கோயில்ல கூழ் ஊத்துற மாசத்துல பிரியாணி டப்பா போட்டு வித்துத்தான் பாதிச் செலவைச் சமாளிச்சோம், டர்பன்ல எந்த நல்ல காரியத்துக்கும் பிரியாணிதான் முதலீடு. இருந்தாலும் மெத்தைக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். மெத்தை போட்ட பெட்டி இந்த நாட்டுல ஏற்கனவே நிறைய இருக்கு. பலகை பெஞ்சுதான் இல்ல. ஒரு பள்ளிக்கூடப் புள்ளை அதுல அரை மணி நேரம் உக்காந்து எழுந்தாலே, தன் பாட்டி ராத்திரி முழுக்க இதுல எப்படிப் போயிருப்பான்னு அதுக்கே புரியும், அதை எந்தப் பலகையில எழுதியும் புரிய வைக்க முடியாது.

மாமாவுக்கு ஈஸ்டர் ஞாபகம்தான் முதல்ல வரும். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு குட்ஃப்ரைடே அன்னைக்கு குடும்பம் குடும்பமா ரயில்ல போவாங்களாம், கோயில் பக்கத்துலயே ஸ்டேஷன், இன்னைக்கும் அந்த இடத்துக்குப் பேரே இசிபிங்கோ ரயில்னுதான். உருளைக்கிழங்கு கறியும் ரொட்டியும் எனாமல் டப்பாவுல, மஞ்சத்தண்ணிச் சொம்பு, வேப்பிலை, உடுக்கை, எல்லாம் பெஞ்சுக்கு அடியில. அவங்க அம்மா பெஞ்சு பலகை இடுக்குல புடவை மாட்டிக்கிச்சுன்னு வழி பூரா திட்டிக்கிட்டே வருவாங்களாம். அதனாலயே பெஞ்சுச் சட்டங்களுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு விடணும்னு எங்களுக்குள்ள பேச்சு வந்தப்ப மாமா ஒரு விரலை வச்சுக் காட்டுனாரு. அப்புறம் தோட்டத்து ஷெட்ல கிடைச்ச பழைய இரும்புத் தாங்கியில ஆணி ஓட்டைங்களை அளந்து பாத்தோம், அதே இடைவெளி. அந்தத் தாங்கியோட வளைவை அட்டையில வரைஞ்சு வெட்டி, அதை வச்சுத்தான் மத்ததெல்லாம் செஞ்சுக்கிட்டிருக்கோம்.

போகி வேற ஒரு பெட்டி உடைச்ச இடத்துல இருந்து வந்துச்சு, இங்க தண்டவாளம் 1067 மில்லிமீட்டர், நம்ம ஊரு பழைய மீட்டர் கேஜை விட 67 மில்லிமீட்டர்தான் அகலம், அதனால அதைப் பாத்தாலே எனக்கு சின்ன வயசுல பாத்த தஞ்சாவூர் வண்டி கண்ணுக்குள்ள வருது. அச்சுப்பெட்டிக்குள்ள ரோலர் கிடையாது, வெள்ளை உலோகம் பூசுன பித்தளைத் துண்டுதான் அச்சு மேல உக்காரும், அடியில எண்ணெய்யில ஊறுன நூல்கழிவு. அதைக் கழட்டித் துடைச்சாச்சு.

பிரேக் இன்னும் பாக்கி. இது வேக்கம் பிரேக், எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம். வண்டி ஓடும்போது சிலிண்டர்ல பிஸ்டனுக்கு மேலயும் கீழயும் காத்தை உறிஞ்சி எடுத்திருப்பாங்க, ரெண்டு பக்கமும் சமமா இருக்குறதால பிஸ்டன் தன் கனத்துல கீழ உக்காந்திருக்கும். டிரைவர் குழாய்க்குள்ள காத்தை விட்டா கீழ்ப்பக்கம் மட்டும் காத்து நிறையும், மேல போற வழியை ஒரு குண்டு வால்வு அடைச்சிரும், காத்தோட அழுத்தம் பிஸ்டனை மேல தள்ளி பிரேக்கைப் பிடிக்கும். பெட்டி எங்கயாவது அறுந்து தனியாப் போனாலும் குழாய் பிஞ்சு காத்து தானா உள்ள புகுந்து பிரேக் விழும். எல்லாம் அந்த பிஸ்டனைச் சுத்தி உருளுற ஒரு ரப்பர் வளையத்தை நம்பித்தான் இருக்கு, அது காஞ்சு வெடிச்சிருச்சு, சரியான அளவுல செய்யறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கோம். அது வந்து, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சாத்தான் வண்டியோட கோக்க விடுவாங்க, அதுவரைக்கும் தள்ளிப் பாக்கக் கூட நாங்க ஒத்துக்க மாட்டோம்.

இப்ப எங்களுக்கு ரொம்ப அவசரமா வேண்டியது உள் பக்க போட்டோ. முதல் வகுப்புப் பெட்டி போட்டோ எத்தனை வேணும்னாலும் கிடைக்குது, மூணாங்கிளாஸ் உள்ள எடுத்தது ஒன்னு கூட எங்க கையில இல்ல. சாமான் வைக்கிற தட்டு கம்பியா மரமா, பெஞ்சுக்கு மேல எவ்வளவு உயரத்துல இருந்துச்சு, விளக்கு நடுவுல இருந்துச்சா ஓரத்துலயா, ஜன்னலுக்கு மர ஷட்டர் இருந்துச்சா, இதெல்லாம் தெரியணும். டர்பன், ஸ்டாங்கர், மாரிட்ஸ்பர்க், டண்டீ பக்கம் யார் வீட்டு ஆல்பத்துலயாவது, கல்யாணத்துக்குப் போறப்பவோ கோயிலுக்குப் போறப்பவோ ரயிலுக்குள்ள எடுத்த போட்டோ இருந்தா, மூஞ்சி தெளிவா இல்லன்னாலும் பரவாயில்ல, பின்னாடி இருக்குற சுவர் தெரிஞ்சா போதும், ஒரு காப்பி அனுப்புங்க. தாத்தா பாட்டி உயிரோட இருந்தா பக்கத்துல உக்காந்து கேளுங்க, தட்டு எங்க இருந்துச்சுன்னு கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, டேப் வச்சு அளந்து அனுப்புனாக் கூட மாமா அதை வச்சு செஞ்சிருவாரு.